தன்மைப் பன்மை

உவர்மலையில், துறைமுகம் பார்த்த மண்டபத்தில்
பதினொரு கொடிகள்.
எங்களுடையது ஓரத்தில், ஏசிக் காற்றுக்கு நேரே;
சிங்கம் மடிந்து மடிந்து விரிகிறது.
கொடிகளுக்குப் பின்னால் தூணடியில் நான்.
நாட்கூலிக்குத் தமிழ்ப் பிரதி.

காலையில் வாக்கியம் இப்படி இருந்தது:
அனுமதியின்றி நுழைந்த கப்பலைக் கண்டிக்கிறோம்.
தேநீருக்குப் பிறகு கண்டனம் கவலையானது.
மதியச் சோற்றுக்குப் பிறகு ஆழ்ந்த கவலை.
(ஆழம் கூடினால் பலம் குறையும்
என்று அன்றுதான் படித்தேன்.)
நாலு மணிக்குக் கவனத்தில் எடுக்கிறோம்.
அதற்குள் கப்பல் என்ற சொல்லும் போய்
'அண்மைய நிகழ்வுகள்' வந்திருந்தது.

கப்பல் போகவில்லை.
ஜன்னலைத் திறந்தால் சீனக்குடாப் பக்கம்,
யாரோ கட்டி, யாரோ எடுத்து,
யார் யாரோ கேட்டு நிற்கும்
எண்ணெய்க் குதங்களுக்கு நேரே
சாம்பல் நிறத்தில் நிற்கிறது.
ஜன்னலைத் திறக்கவேண்டாம், ஏசி போய்விடும் என்றார்கள்.

கப்பல் என்ற சொல்லுக்காகக்
கடைசிவரை நின்றவள் ஒருத்திதான்,
பதினொன்றில் ஆகச் சிறிய தீவுக்காரி.
அவர்களிடம் இரண்டு ரோந்துப் படகு, ஒன்று பழுது.
"எங்களுக்குக் கடற்படை இல்லை,
இந்த ஒரு சொல்தான் இருக்கிறது" என்றாள்.
ஐந்து மணிக்குத் தலைநகரிலிருந்து அழைப்பு வந்தது.
வெளியே போய்ப் பேசிவிட்டு வந்து
பேனாவை மூடினாள்.
அடுத்த ஆண்டு தலைமை அவர்களுக்காம்.

எங்கள் அமைச்சின் எதிரிசூரிய
படிக்கட்டில் சிகரெட் பற்றவைத்தார்.
"மிஸ், முந்தி நாங்கள் தனிய.
வாசலில் பெரியவர்கள் இரண்டு பேர்.
ஒருவருக்கு ஓம் சொன்னால் மற்றவர் முகம் கறுக்கும்.
இப்ப ஒருவருக்கும் இல்லை சொல்லத் தேவையில்லை.
ஒன்றியத்தைக் கேட்கவேணும் என்றால் முடிந்தது."
பாதி சிகரெட் எரியும்வரை பேசவில்லை.
பிறகு சொன்னார்,
"ஓம் சொல்லவும் கேட்கவேணும், அதுதான்."

இரவு பிரதி என் மேசைக்கு வந்தது.
முதல் சொல்லிலேயே நின்றேன்.
ஆங்கிலத்துக்கு ஒன்று. சிங்களத்துக்கும் ஒன்று.
தமிழ் எழுத்தில்தான் இரண்டு.
நாம் என்றால் வாசிப்பவரும் உள்ளே.
நாங்கள் என்றால் கதவைச் சாத்தியாயிற்று.
மண்டபத்தில் கேட்கத் தமிழர் எவருமில்லை;
இருந்தாலும் எங்கள் பேச்சில்
இரண்டுக்கும் நாங்கள்தான்.
நாம் என்று அடித்தேன், அழித்தேன்.
நாங்கள் என்று அடித்தேன்.
அதையும் எடுத்துவிட்டு
வினையை மட்டும் விட்டேன்: கவனத்தில் எடுக்கிறோம்.
யார் என்று எவரும் பிடிக்க முடியாது.
ஒரு நாள் கூலிக்கு
நானும் ராஜதந்திரியானேன்.

பத்தரைக்கு நிஸ்தாரின் ஆட்டோ.
கிண்ணியாக்காரர். தோணி கரையேறி நாலு நாள்;
மிதவைக்கு அப்பால் போகக்கூடாதென்று
கடற்படை அறிவித்தல்.
அதுவரைக்கும் மச்சானின் ஆட்டோ.
கண்டி வீதியில் ஒரு மான் குறுக்கே நிற்க
எஞ்சினை அணைத்துவிட்டுக் கேட்டார்,
"முடிவு வந்திச்சா மிஸ்?
நாங்க எப்ப கடலுக்குப் போற?"

அந்த நாங்கவுக்குள்
நானும் இருந்தேனா தெரியவில்லை.

கவனத்தில் எடுத்திருக்கினம்
என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.
"எடுத்திருக்கிறம்" என்று வந்தது.

நிஸ்தார் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.
மான் இன்னும் போகவில்லை.