பெல்ட்டின் கடைசி முழம்

சத்துவாச்சாரி ஷோரூமுக்குள் பனி மாதிரி ஏசி.
வேலூர் வெயில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று
எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது.
வெள்ளை செடான்,
சீட்டில் பாலிதீன் இன்னும் பிரிக்காதது.
லோகித் ஸ்டியரிங்கைப் பிடித்து
காட்பாடி மேம்பாலம் வரை
வாயாலேயே ஓட்டிப் போய்வந்தான்.

பின்சீட்டில் நிவேதிகா.
மாவட்ட பாஸ்கெட்பால் அணியில் சென்டர்.
முட்டி முன்சீட்டின் முதுகில் இடித்தது.
"அதை முன்னால தள்ளிக்கலாம் மேடம்"
என்று தள்ளிக் காட்டினார் டை கட்டிய பையன்.
இப்போது கோவர்தனின் முட்டி டேஷ்போர்டில்.
ஒரே வீட்டில் இரண்டு பேருக்கு நீளக் கால் என்றால்
யாராவது ஒருவர் மடங்கித்தான் ஆகவேண்டும்.

"ஃபேமிலி கார் சார், அஞ்சு பேர் தாராளம்.
மாசம் பதினேழாயிரத்து எழுநூறு.
எண்பத்து நாலே மாசம்."

தபாலாபீஸ் கவுண்டரில் பத்தொன்பது வருடமாக
அடுத்தவர் ஆர்.டி. புத்தகத்தில் மாதம் எண்ணுகிறவள் நான்.
விரல் தானாக எண்ணிவிட்டது.
இருபதாவது தவணையில் நிவேதிகா ஹாஸ்டல்.
எண்பதாவதில் லோகித்தும் எங்கேயோ.
கடைசித் தவணை கட்டிவிட்டுத் திரும்பும்போது
அந்தத் தாராளமான பின்சீட்டில்
என் கைப்பை,
ஒரு கட்டு முருங்கைக்கீரை.

பையன் காபி வேண்டுமா என்று கேட்டார்.
வேண்டாம் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பாகாயம்.
தேவகிருபை சாரின் பதினோரு வருட வண்டி.
சாம்பலும் இல்லை, பழுப்பும் இல்லை;
ஆர்.சி. புத்தகத்தில் அந்த நிறத்துக்கு
ஏதோ அழகான பெயர் போட்டிருந்தது.
மேல்விஷாரத்திலிருந்து நூருல்லா பாய் வந்தார்,
தர்பூசணி வாங்குகிறவர்போல
நாலு கதவையும் தட்டித் தட்டிக் கேட்டார்.
"மெட்ராஸ் வெள்ளத்துல முங்கின வண்டியெல்லாம்
பாலிஷ் போட்டுக்கினு இங்கதாம்மா வருது.
எல்லாத்தையும் கழுவுவானுங்க.
பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்துக் கழுவ மாட்டானுங்க.
வண்டல் அங்க குந்திகினு இருக்கும்."

பாலாற்றில் மணலையே பார்த்துப் பழகிய ஊர்.
தண்ணீர் பார்த்த வண்டி என்றால்தான் பயம்.

முன்பக்கம் இரண்டும் சுத்தம்.
பின்பக்கம் இடது பெல்ட்டை இழுத்தார்,
இன்னும் இழுத்தார்,
யார் வயிற்றுக்கும் தேவைப்படாத அந்தக் கடைசி முழத்தில்
வண்டல் இல்லை.
நீலப் பால்பாயிண்ட் மை.
ஏழாம் வாய்ப்பாடு.
7 × 8 = 54 வரை வந்து
தப்பு விடையோடு நின்றிருந்தது.
பள்ளிக்கூட வாசல் வந்திருக்கும்.
வெயில் படாத மை,
இன்று காலை எழுதியதுபோல.

தேவகிருபை சார் குனிந்தார்.
மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார்,
திரும்பப் போட்டுப் பார்த்தார்.
"பெரியவனா, சின்னவளா... தெரியலையே."
பெரியவன் சூரத்கல்லில்.
சின்னவள் இந்த ஜூலையில்தான் திருச்சிக்குப் போனாளாம்.
ரெண்டு பேருக்கு ஸ்கூட்டரே போதும் என்று
வண்டியைக் கொடுக்கிறார்களாம்.
போனை எடுத்துப் படம் பிடித்தார். ஆடிவிட்டது.
இன்னொன்று பிடித்தார்.

டயர் தேய்மானத்தைச் சொல்லி விலையைக் குறைக்க
வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்த கோவர்தன்
வாயே திறக்கவில்லை.
பாய் விடவில்லை:
"கிளட்ச் பிளேட்டு மாத்தணும் சார்,
பன்னண்டாயிரம் கொறைச்சுக்கங்க."
குறைத்துக்கொண்டார்.

நிவேதிகா ஏறி உட்கார்ந்தாள்.
முட்டி இங்கேயும் இடித்தது, ஒரு விரற்கடை குறைவாக.
"பரவால்லம்மா, ரெண்டு வருஷந்தானே"
என்றாள், போனிலிருந்து தலை தூக்காமல்.

ஐம்பத்தாறு என்று திருத்தலாமா?
பேனாவைக்கூட எடுத்துவிட்டேன்.
மூடியைக் கழற்றவில்லை.
பெல்ட்டை விட்டதும்
அது தன் கணக்கைச் சுருட்டிக்கொண்டு
சடக்கென்று உள்ளே போனது.

லோகித் கேட்டான்,
"இதுல ப்ளூடூத் இருக்கா?"
இல்லை.