அரை மாத்திரை

மத்தியானம் மூன்றரைக்கு
இஸ்திரி மேசை பள்ளிக்கூடமாகிவிடும்.
மடிக்கணினியைத் தூக்கிப் பிடிக்க ஒரு மைலோ டின்.
முதுகுக்குப் பின்னால்
ஆணியில் மாட்டிய நீலப் போர்வை.
போர்வைக்கு அந்தப் பக்கம்
செந்தூல் அடுக்குமாடியின் பதினோராவது மாடி,
கழுவாத சட்டி, காயாத துணி.
இந்தப் பக்கம்
டீச்சர் லீலா.

புஷ்பலீலாவை வெட்டித்தான் கொடுத்தேன்.
வெட்டியும் பயனில்லை,
'ரீரா' என்கிறான் இட்சுகி.
ஏழு வயது. முன்பல் இரண்டும் விடுமுறையில்.
ஊர் கொச்சி என்றான் முதல் நாள்;
மலையாளப் பையனோ என்று தடுமாறிவிட்டேன்.
ஜப்பானிலும் ஒரு கொச்சி இருக்கிறதாம்.
அங்கேயும் மழை விடாதாம்.

படத்தைக் காட்டினேன்: கப்.
"கப்பு."
இல்லை கண்ணா, கப்.
"கப்பூ!"
காது மந்தமான டீச்சருக்காக இன்னும் பலமாக,
பெரிய மனது பண்ணி.

மில்க் 'மிருக்கு' ஆகிறது.
டாக் 'டொக்கு' ஆகி வாலாட்டுகிறது.
குட் என்று பாராட்டினால்
'குட்டோ' என்று திரும்பி வருகிறது.
சிரிப்பை அடக்க முடியாமல்
விரலை மடக்கி என் நெற்றியில் குட்டிக் காட்டினேன்.
அவனும் இரண்டு கையாலும்
பிள்ளையார் முன்னால் நிற்பவன் மாதிரி
மூன்று முறை குட்டிக்கொண்டான்.

கையேடு, பதினாலாம் பக்கம்:
சொல்லின் கடைசியில் ஒட்டும் ஒலியை வெட்டுக.
உதட்டை மூடு. மூடியே வை.
மூடினான். கன்னம் உப்பியது, மூக்கு சிவந்தது,
'ப்பு' என்று வெடித்தது.
கொச்சியில் திரையெல்லாம் எச்சில்.

வெள்ளிக்கிழமை மின்னஞ்சல் வந்தது.
பாடத்தின் பதிவைக் கேட்ட யாரோ எழுதியிருந்தார்கள்:
மாணவரிடம் முன்னேற்றம் தெரிகிறது.
ஆசிரியரின் சொல்லிறுதியில்
லேசாக ஓர் 'உ' கேட்கிறது. கவனிக்கவும்.
ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம்.

நானா?
ஓடவிட்டுக் கேட்டேன்.
நான்தான்.
முழுசாக 'கப்பு' இல்லை.
கொமுட்டர் ரயில் நின்ற பிறகும்
ஓர் அடி உருளுமே,
அவ்வளவுதான்.

எஸ்பிஎம் தமிழ்த் தாளில்
இதைத்தான் கேட்டார்கள், இரண்டு புள்ளிக்கு.
வல்லினத்தின் மேல் ஏறி வந்து
தன் மாத்திரையில் பாதியைத் தொலைத்த உகரம்.
பத்து, பாக்கு, பட்டு. வன்தொடர்.
அன்றைக்குத் தப்பாக எழுதி இரண்டும் போனது.
இன்றைக்குச் சரியாகச் சொல்லி
ஒன்றரை நட்சத்திரம் போகிறது.

என் வீட்டுக்காரர் ஓட்டுவது பஸ்ஸு.
மகள் தூக்குவது பேக்கு.
கேட்டு, லைட்டு,
மூன்று வாரமாக ரிப்பேரில் கிடக்கும் லிஃப்டு.
இந்த வீட்டில் எந்தச் சொல்லும்
கதவை அறைந்து சாத்திக்கொண்டு போனதில்லை.
ஒரு விரற்கடை திறந்து வைத்துவிட்டுத்தான் போகும்.

அடுத்த செவ்வாய்
திரைக்கு வந்ததும் வராததுமாக
கேட்காமலேயே சொன்னான் இட்சுகி:
கப்.
கத்தரித்தாற்போல.
யாரோ வீட்டில் உட்கார்ந்து பழக்கியிருக்கிறார்கள்.
பொத்தானை அழுத்தி மத்தாப்பு விட்டேன்.
ஐந்து நட்சத்திரமும் அவன் பக்கம் உதிர்ந்தன.
அவன் உதட்டைத் திறக்கவில்லை.
கண்ணை விரித்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.
சொல் முடிந்ததா, இன்னும் இருக்கிறதா என்று தெரியாமல்
நானும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் இங்கே மழை பிடித்தது.
கீழே கார் நிறுத்தத்தின் தகரக் கூரை முழுக்க.
ஒலிவாங்கி அதை அள்ளிக் கொண்டுபோய்க் கொடுத்திருக்க வேண்டும்.
"ஸா ஸா?" என்றான்.
பாடத்தில் இல்லாத சொல்.
"சோன்னு பெய்யுது," என்றேன்,
பாடத்தில் இல்லாத மொழியில்.
"ஸோ?"
"சோ."
அவன் ஊரில் அதற்கு என்ன பொருளோ,
பலமாகத் தலையாட்டினான்.

மணி மூன்று ஐம்பத்தைந்து.
குட் பை, இட்சுகி.
கடைசி மெய்யை இழுத்துப் பிடித்துத்தான் சொன்னேன்.
அவன் விரலை மடக்கி நெற்றிக்குக் கொண்டுபோனபோது
படம் உறைந்தது.

போர்வையை விலக்கிக்கொண்டு ஓடினேன்.
துணி முழுக்க நனைந்திருந்தது.