மை நீங்கலாக

சேர்ந்த அன்றே என் பெயரை
எடை பார்ப்பதுபோல் பார்த்தார் மேனேஜர் சாரங்கன்.
"மைமூனா... பார்ட்டிங்க ஒரு மாதிரிம்மா.
போன்ல மட்டும் மீனான்னு சொல்லிடு.
பெருசா ஒண்ணும் மாத்தலை,
முன்னாடி இருக்கிற மையை எடுத்துட்டு
மூனாவைக் கொஞ்சம் நிமித்திட்டேன்."
சிரித்தார்.
நானும் சிரித்தேன்.
சம்பளம் பதினோராயிரம்,
வாப்பாவுக்கு வாரம் இரண்டு டயாலிசிஸ்.

தம்பு செட்டித் தெரு, மூன்றாம் மாடி,
லிப்ட் ஓடாத கஸ்டம்ஸ் கிளியரிங் ஆபீஸ்.
எட்டு வருடம் மீனா பேசினாள்,
டியூட்டி கட்டியாச்சா, கண்டெய்னர் எந்த யார்டு என்று.
ஒரு பார்ட்டி தன் மகள் கல்யாணத்துக்கு
மூலையில் மஞ்சள் தடவி
செல்வி மீனாவுக்குப் பத்திரிகை அனுப்பினார்.
அதை நான் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை.
டிராயரில் கிடக்கிறது.

துறைமுகத்துக்குள் போகும் நாட்களில் மட்டும்
ஜீரோ கேட் காவலர்
பாஸைப் பார்த்து இந்தி வாயால் உரக்கப் படிப்பார்:
"மைமூனா பீவி."
லாரிப் புழுதியில் அது நன்றாகவே கேட்கும்.

வெள்ளிக்கிழமை கற்பூரத் தட்டு
மேசை மேசையாக வந்து
என் மேசைக்கு முன் யூ டர்ன் போடும்.
பின்னாலேயே சுண்டலும்.
எனக்குச் சுண்டல் பிடிக்கும்.

தணிகைவேலுக்குப் பெயரில் சிக்கல் இல்லை,
முருகன் பெயர்.
முகம்தான்.
அவன் அம்மா மோல்மேனில் பிறந்து
கைக்குழந்தையாகக் கப்பலில் வந்தவள்.
"ஏய் நேபாளி" என்றால்
"வியாசர்பாடி சார்" என்பான், பத்து வருடமாக.
பார்ட்டியைப் பார்க்க அவனை அனுப்பமாட்டார்கள்,
வாட்ச்மேன் வந்திருப்பதாக நினைத்துக்கொள்வார்களாம்.
கொரோனா வருடம் அவன் நாற்காலியை மட்டும்
வராந்தாவில் போட்டார்கள்.
நோய் போனது.
நாற்காலி உள்ளே வரவில்லை.

ஆனியில் ஒருநாள் கண்ணாடிக் கதவு சரியாகச் சாத்தவில்லை.
"அந்தப் பொண்ணு நல்லாத்தான் செய்யுது சார்,
ஆனா முக்காடு போட்டுக்கிட்டு கேபின்ல உக்காந்தா...
அவனா? அவனை எப்படி சார்..."
போன வருடம் வந்த சாரங்கனின் மச்சினன்
மறுநாள் கேபினுக்குப் போனான்.
இன்வாய்ஸ் படிக்க நான்தான் சொல்லிக்கொடுத்தேன் அவனுக்கு.

பீச் ஸ்டேஷன் பெஞ்சில்
இரண்டு ஆவடி ரயிலை விட்டுவிட்டு எழுதினோம்.
"எழுதுங்கக்கா, என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி."
தேதிகள் எல்லாம் அவனுக்கு மனப்பாடம்.
புகார் தருபவர் பெயர் என்ற இடத்தில்
என் பேனா நின்றது.
சம்பள வவுச்சரில் மாதாமாதம் எழுதும் பெயர்தான்.
வாங்குவதற்காக எழுதியிருக்கிறேன்,
கேட்பதற்காக எழுதியதில்லை.
அழுத்தினேன். பேனா கசிந்து விரலெல்லாம் நீலம்.
"சாரங்கன் எடுத்த மை
இங்கதான் இருந்திருக்குக்கா" என்றான்.
ஸ்டேஷன் என்றும் பாராமல் சிரித்தோம்.

சாட்சிக் கையெழுத்து போடுவதாகச் சொன்ன
அக்கவுண்ட்ஸ் சுபாஷிணி
அன்று லீவு போட்டுவிட்டாள்.
மும்பை ஹெட் ஆபீசிலிருந்து
பெற்றுக்கொண்டோம் என்று ஒரு வரி வந்தது.
ஐந்து வாரமாக அந்த ஒரு வரிதான்.
என் குட்மார்னிங் சுவரில் பட்டுத் திரும்புகிறது.

செவ்வாய்க்கிழமை ஈரோட்டுப் பார்ட்டி.
"மைமூனா பேசறேன்."
"மீனா இல்லையா?"
"மீனாவும் நான்தான். பெயர் மைமூனா."
கீழே ஒரு லாரி ரிவர்ஸ் எடுத்து முடிக்கும்வரை
அந்தப் பக்கம் பேச்சில்லை.
"சரிம்மா, அந்த நாப்பதடிப் பெட்டி
எப்ப வெளிய வரும்?"
இதற்குத்தானா எட்டு வருடம்
உள்ளங்கை வேர்த்தது?
கோவைப் பார்ட்டி மட்டும்
மறுநாளிலிருந்து மச்சினனைக் கேட்கிறார்.

இன்று காலை
தணிகைவேல் தன் நாற்காலியைத் தானே தூக்கினான்.
நிலைப்படியில் கைப்பிடி மாட்டிக்கொண்டது.
எல்லோரும் கம்ப்யூட்டரைப் பார்த்தார்கள்.
நான் எழுந்து மறுபக்கம் பிடித்தேன்.
"சாய்ச்சுப் பிடிங்கக்கா."
சாய்த்தேன்.