மூன்று இல்லை

சமாதானபுரத்தில் மருந்துக்கடைக்கு மேல் மாடி.
ஒரு டேபிள் ஃபேன், இரண்டு கணினி,
சுவரில் பாளையங்காலின் வரைபடம்,
அதில் முப்பத்தெட்டுக் குண்டூசி.
குண்டூசிக்கு ஒரு மடை.
மடைக்கு ஒரு பெட்டி, சிமெண்டில் புதைத்தது.
பெட்டியின் தலையில் உள்ளங்கை அகலச் சூரியத் தகடு.
மேகம் போட்ட நாளில் அது
பதினோரு பைட்டுக்கு மேல் பேசாது.

“தண்ணி” என்று தமிழில் எழுதினாலே
பதினைந்து பைட்.

ஆகவே பெயர் கிடையாது, காற்புள்ளி கிடையாது.
எந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று
முதலிலேயே பேசி வைத்துக்கொள்ள வேண்டும்,
சிமெண்ட் காய்வதற்குள்.
காய்ந்தபின் மாற்ற ஏலாது.
மாறிலி என்று சும்மாவா பேர் வைத்தார்கள்.

பூஜ்யம் முதல் நூற்றுத் தொண்ணூற்றொன்று வரை
எண்ணே அதன் அர்த்தம்.
நாற்பது வந்தால் நாற்பது சென்டிமீட்டர் தண்ணீர்.
நூற்றுத் தொண்ணூற்று மூன்று: மடை திறக்கவில்லை.
நான்கு: திறந்திருக்கிறது.
ஐந்து: நான் ஒற்றை பைட்டில் அடங்க மாட்டேன்,
பின்னால் இரண்டு பேர் வருகிறார்கள்.

அந்த இரண்டு பேரில் முன்னே யார் என்று
செய்யதலி பாத்திமாவுக்கும் எனக்கும் அரைநாள் சண்டை.
சில்லுக்குச் சின்னது முன்னால் வந்தால் சௌகரியம்.
“இருபத்தொன்றை யாராவது
ஒன்றிருபது என்பார்களா?” என்றேன்.
“அரபியில் அப்படித்தான்,
ஒன்றைச் சொல்லிவிட்டுத்தான் இருபதுக்குப் போவோம்.”
கடைசியில் விட்டுக்கொடுத்தாள்.
அந்த வாரம் முழுக்க டீ என் கணக்கு.

முதல் பதிப்பில் நூற்றுத் தொண்ணூற்றிரண்டு கிடையாது.
மூன்றே பெட்டி வைத்துப் பார்த்த காலம்.
உணரி பேசாவிட்டால் பூஜ்யத்தை அனுப்பு என்று
நான்தான் எழுதினேன்,
மதியச் சாப்பாட்டுக்குப் போகிற அவசரத்தில்.

கார்த்திகைக் கடைசி. இரண்டு நாள் விடாத மழை.
விடியுமுன் போன், லஸ்கர் பேச்சிப்பாண்டியன்:
“ஏம்மா, ஒங்க பெட்டி தண்ணியே இல்லன்னு சொல்லுதாம்,
ஆபீஸ்ல இருந்து ஏசுதாவ.
நான் இடுப்பளவு தண்ணில நின்னுல்லா பேசுதேன்.”

உணரியின் வயரைப் பெருச்சாளி கடித்திருந்தது.
பெட்டி பொய் சொல்லவில்லை.
நான் சொல்லிக்கொடுத்தது ஒரே ஓர் இல்லை.

தண்ணி இருக்கா? இல்ல.
மடை தொறந்திருக்கா? இல்ல.
ஏதாவது தகவல் உண்டா? இல்ல.
மூன்றுக்கும் ஒரே சொல்லைப் போட்டுவிட்டு
மிச்சத்தை முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறோம்.
பெட்டிக்கு ஏது முகம்.

பூஜ்யம் என்றால்: அளந்தேன், வறண்டு கிடக்கிறது.
நூற்றுத் தொண்ணூற்றிரண்டு என்றால்: எனக்குத் தெரியாது.
ஒரே வரிதான். எழுதிவிட்டு
அழித்துவிட்டு மறுபடி எழுதினேன்.
கல்லூரியில் வாய்மொழித் தேர்வு நாள் ஞாபகம்:
தெரியாவிட்டாலும் எதையாவது சொல்லு,
சும்மா மட்டும் நிற்காதே.

நூற்றுத் தொண்ணூற்றாறை விட்டுவைத்தேன்.
பக்கத்தில் குறிப்பு: ஒருபோதும் அனுப்பக் கூடாது.
வந்தால், வழியில் எங்கோ சிதைந்துவிட்டது என்று பொருள்.

லஸ்கர்களுக்கென்று அச்சடித்த தாளில்
பேச்சிப்பாண்டியன் விரல் அங்கே நின்றது.
“இது சும்மாதான கெடக்கு?
‘போய்ப் பாத்துட்டு வாரேன்’னு ஒண்ணு வச்சுக்கிடுங்களேன்.”
“அதைப் பெட்டி சொல்ல முடியாதே, அண்ணாச்சி.”
“ஆமா, பெட்டி எங்க போவும்”
என்று அவரே சிரித்தார்.
தாளை நாலாக மடித்து
சட்டைப் பையில், பீடிக்கட்டுக்குப் பின்னால்.

அந்த எண் இன்னும் காலிதான்.
இன்றைக்கு நாலரை மணிக்குப் பதினேழாம் மடையிலிருந்து
நூற்றுத் தொண்ணூற்றிரண்டு.
பத்து நிமிஷம் கழித்து மறுபடியும்.
பாத்திமா போன் போட்டாள்.
எடுத்தார், பேசவில்லை.
மொபெட் சத்தம் மட்டும் கேட்டது.