ஆறில்லாத ஊரில்

கஸ்தூரியார் வீதிக் கடையில்
இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன்.
நாவல் அறுநூற்றுச் சொச்சம் பக்கம்.
அதைப்பற்றிய ஆய்வு மெலிவு,
விலை மட்டும் ஒன்று.
இந்த மாத ஓவர்டைம் காசு
ஒன்றுக்குத்தான் காணும்.

"நாவலை எடும் பிள்ளை,
உது பேராசிரியர்மாருக்கு" என்கிறார் திரவியநாதன்,
பில் புத்தகத்துக்குள் கார்பன் தாளைச் செருகியபடி.

முந்தி ஒருக்கா வாசித்ததுதான்.
பத்தொன்பது வயது, இரவல் பிரதி, ஒரு கிழமைத் தவணை.
வெள்ளத்தில் செவந்தி போன இடத்தில்
நானும் போனேன்.
அடுத்தநாள் இரசாயனவியல் சோதினை.
எழுதினேன். சித்திதான்.

ஆய்வைப் புரட்டினால்
மூன்றாம் இயல் முழுக்க ஆறு.
ஆறு காலமாம். ஆறு சாதியாம்.
அடிக்குறிப்பு நாற்பத்தேழில்
ஆறு ஆறே அல்லவாம்.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
எங்களுக்கு ஆறு என்று இருப்பது வழுக்கையாறு,
அதுவும் மாரிக்கு மட்டும்
வயலுக்குள்ளால் வந்து போகும்.
பங்குனியில் அதற்குள் மாடு நிற்கும்.
செவந்தியை இழுத்துப்போன தண்ணீரை
எதைக்கொண்டு கற்பனை செய்தேன் அப்போது?
பண்ணைப் பாலத்தடியில்
முழங்காலளவு கடலைக் கொண்டு.

அதனால்தானோ என்னவோ
ஆய்வையே வாங்கினேன்.
கரையில் நின்று யாராவது
பதற்றமில்லாமல் அளந்து சொல்லட்டும்,
தண்ணீர் எவ்வளவு என்று.
திரவியநாதன் மிச்சக்காசை
என் கையில் தராமல் மேசையில் வைத்தார்.

இரவு வேலை. ஆசுபத்திரி மருந்தகம்.
இரண்டு மணிக்குப் பிறகு
பனடோலுக்குக்கூட ஆள் வராது.
முதலாம் இயலில் மூன்று தரம் கண் சொக்கியது.
பிறகுதான் கண்டேன்,
உள்ளே தள்ளி, சின்ன எழுத்தில்
அங்கங்கே நாவல் கிடந்தது.
நாலு வரி. ஏழு வரி.
செவந்தி படகுக்காரனிடம் மிச்சம் கேட்கிற இடம்.
மாமி கதவைத் திறக்காத இடம்.
பேராசிரியரைத் தாண்டித் தாண்டி
அதுகளை மட்டும் வாசித்துக்கொண்டு போனேன்,
ஒட்டிக் குழம்பில் முள் ஒதுக்குகிற மாதிரி.

நூற்று நாற்பதாம் பக்கத்தில் வெள்ளம்.
இரண்டு பக்கம், அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார்.
முன்னால் ஒரு 'எனவே' இல்லை.
பின்னால் ஒரு 'ஆகவே' இல்லை.
அடிக்குறிப்பு எண் ஒன்றுகூட
அந்தத் தண்ணீருக்குள் இறங்கவில்லை.
அடுத்த பந்தி
அச்சகங்களின் வரலாறு பற்றித் தொடங்குகிறது,
தொண்டையைச் செருமிக்கொண்டு.

யன்னலுக்குள்ளால் யாரோ
மருந்துச் சீட்டை நீட்டினார்கள்.
"கொஞ்சம் பொறுங்கோ" என்றேன்.
பேராசிரியரும் நானும்
இன்னும் கரையேறவில்லை.