இரண்டு விரற்கடை

தடைக்காலம் ஆரம்பித்த மறுவாரம்
கம்பெனியை மகள் பேருக்கு மாற்றினேன்.
விசைப்படகெல்லாம் கரையில். கம்ப்ரசர் மூச்சு விடவில்லை.
காசிமேட்டில் காக்காய்க்கும் வேலையில்லாத நாட்கள்.
கைமாற்ற இதைவிடத் தோதான நேரம் கிடையாது என்றார் ஆடிட்டர்.

பத்திர ஆபீசில் விரலை மெஷினில் வைக்கச் சொன்னார்கள்.
நாலு தடவை எடுக்கவில்லை.
முப்பது வருஷ உப்புத்தண்ணி ரேகையைத் தின்றிருந்தது.
ஐந்தாவது தடவை பச்சை விளக்கு.
"அவ்ளோதான், டெல்லிபாபு சார்" என்றாள் அந்தப் பெண்.

அவ்வளவுதான் இல்லை.

நான் சொல்ல வாயெடுத்ததெல்லாம்
எழிலரசிக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது:
அம்மோனியா கசிந்தால் எந்த வால்வை முதலில் அடைப்பது,
எந்தப் படகுக்காரர் கடன் சொல்லும்போது காதைச் சொறிவார்,
கரண்ட் பில்லை எத்தனை நாள் தள்ளலாம்.
அவள் கேட்டது வேறு.
"நோட்டுல இல்லாத கடன் எவ்ளோப்பா இருக்கு, உங்க தலைக்குள்ள?"
சொன்னேன். எழுதிக்கொண்டே வந்தாள்.
மூன்று பக்கம். நடுவில் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள்.

பிறகு சிம் கார்டைக் கேட்டாள்.
"பேரு மாத்தினது பேப்பர்ல. கம்பெனி இந்த நம்பர்ல இருக்கு."
கழற்றிக் கொடுத்தேன்.
அன்றிலிருந்து சட்டைப்பை
பல் பிடுங்கின இடம் மாதிரி.
நாக்குக்குப் பதில் கை போய்ப் போய்த் தடவும்.

ஒன்று மட்டும் சொல்லவில்லை.

கேன் செய்தவன் போட்ட கோடு மேலே.
அதற்கு இரண்டு விரற்கடை கீழே
ஆணியால் நான் கீறிய கோடு.
நானூறு கேனிலும். ஒரே ராத்திரியில். தனியாக.
இரண்டாவது கம்ப்ரசர் கடனுக்கு
வட்டி கட்டும்வரைக்கும் என்றுதான் நினைத்தேன்.
வட்டி முடிந்தது. அசலும் முடிந்தது.
தண்ணீர் அந்தக் கோட்டிலேயே நின்றது,
பத்தொன்பது வருஷம்.

எப்படிச் சொல்வது?
சாவியைக் கொடுக்கிற கைக்கு
இதை எடுத்துக் கொடுக்கத் தெரியவில்லை.
சாப்பிடும்போது சொல்லலாம் என்று இருந்தேன்.
கோலா மீன் குழம்பு வைத்திருந்தாள். சாப்பிட்டேன்.

ஜூன் பன்னிரண்டு ராத்திரி கேன் நிரப்பினார்கள்.
ஒடிசாக்காரப் பையன் பிஸ்வஜித்
பழக்கத்தில் என் கோட்டில் குழாயை மூடினான்.
"இன்னும் விடு" என்றாள்.
அவன் என்னைப் பார்த்தான்.
நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.
"அங்க பாக்காத, பிஸ்வா. இங்க. மேல் கோடு வரைக்கும்."

எப்போது தெரிந்தது அவளுக்கு?
ஒரு பாருக்கு ரெண்டு கிலோ. நாளைக்கு நானூறு பார்.
பி.காம் படித்தவள், பெருக்கிப் பார்த்திருப்பாள்.
எவ்வளவு வந்தது என்று
இன்றுவரை என்னிடம் சொல்லவில்லை.

பதினாலாம் தேதி, கரை முழுக்க டீசல் வாசனை.
நண்டு சேகர் ஐஸ் பாரைத் தோளில் வாங்கினவன்
ஒரு எட்டு பின்னால் போனான்.
"இன்னா நைனா, ஐஸு வளந்துகிது?"
"ஓனர் மாறிட்டாங்கண்ணா" என்றாள்.
"ரேட்டும் மாறிச்சு, போர்டைப் பாருங்க."
ஏழு ரூபாய் ஏற்றியிருந்தாள், சாக்பீஸில், பெரிசாக.
முனகினார்கள். ரெண்டு படகு
எதிர் கம்பெனிக்கே போனது.
போன் போட்டு ஒரு வார்த்தை பேசினால்
திரும்பி வந்திருப்பார்கள்.
கை பைக்குள் போனது.
வெறும் துணி.

இப்போது எனக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறாள்.
காலியான கேன்களைக் கவிழ்த்துப் போட்டு
எமரித்தாளால் கீழ்க்கோட்டைத் தேய்ப்பது.
சம்பளம் இல்லை. டீ உண்டு.
நேற்றோடு அறுபத்து மூன்று முடிந்தது என்றேன்.
பிஸ்வஜித் குனிந்து உள்ளே டார்ச் அடித்துவிட்டு
அறுபத்து ரெண்டு என்கிறான்.