மூன்றாம் வரி

சனிக்கிழமை காலை
விண்டிஷ் பள்ளிக்கூடத்துக் கைவினை அறையில்
பன்னிரண்டு பேர், ஆறு கல்.
கட்டணம் இருபத்தைந்து பிராங், கோப்பி அதற்குள்ளே.
சட்டையில் ஒட்டிய பெயர்ச்சீட்டில்
குலவீரசிங்கம் அடங்காமல்
கடைசி எழுத்துகள் விளிம்போரம் மேலேறி நின்றன.
எனக்கும் அல்வின் ஷ்டூடருக்கும்
ஓரம் உடைந்த கல்.

"கல்லுக்கு வலிக்காது, அடியுங்கள்" என்றார்
டொக்டர் ரெகுலா இம்ஹோஃப்.
நனைந்த தாளைப் போர்த்தி
பன்றிமயிர்த் தூரிகையால் அடித்தோம்,
நடுவிலிருந்து வெளியே, வெளியே.
ஒரு காற்றுக்குமிழ் தங்கினாலும்
அந்த இடத்தில் எழுத்து இல்லையாம்.
தெரியும்.
பதினாறு வருடமாய் ஆராவில்
பல் அச்சுகளுக்குச் சாந்து வார்க்கிறேன்.
குமிழ் விழுந்த அச்சில் கட்டிய பல்
யார் வாயிலும் அமராது.

நான்கு ஹேர் டிரையர்கள் ஒன்றாய் இரைந்து ஓய்ந்ததும்
உரித்துப் பிரட்டினோம்.
கல்லைத் தொட்ட பக்கத்தில் எழுத்துகள்
புடைத்துக்கொண்டு, வலம் இடமாய்.
மற்றவர்கள் கைப்பேசியில் படத்தைத் திருப்பிக்கொண்டிருக்க
நான் விரலால் போனேன்.
முதல் வரி, யாரோ ஒருவனின் மனைவி.
இரண்டாம் வரியின் முடிவில் இடம் போதாமல்
கொத்தன் சின்ன ஓ ஒன்றை
இன்னோர் எழுத்தின் வயிற்றுக்குள் செருகியிருந்தான்.
மூன்றாம் வரி, உளி.
ஒரு பெயரின்மேல்
ஆத்திரத்தோடு குறுக்கும் நெடுக்கும் நடந்த உளி.

"அங்கே ஒன்றுமில்லை" என்றார் டொக்டர்.
"நானே அப்படித்தான் எழுதியிருக்கிறேன்."
"ஒரு கால் இருக்கிறது" என்றேன்.
ஜெர்மனில் அது அசட்டுத்தனமாய்க் கேட்டது.
எங்கள் எழுத்துக்குக் காலும் கொம்பும் சுழியும் உண்டு,
லத்தீனுக்கு ஒரு கால்கூடவா இருக்காது?
ஆர் என்ற எழுத்து
சாய்த்து நீட்டி வைத்திருக்கிறதே, அது.

விளக்கை அணைத்து
டோர்ச்சைத் தாளோடு தாளாய்ப் படுக்கவைத்தோம்.
எழும்பியது ஒரு நிழல், உமியளவு.
"வெடிப்பு" என்றார் அல்வின்,
நாற்பது வருடம் தண்டவாளத்தில் வெடிப்புத் தேடியவர்.
"கால்."
"வெடிப்பு."
டொக்டர் எங்கள் இருவரையும் பார்க்கவில்லை.
மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.
கண்ணை மூடிக்கொண்டு
சுட்டுவிரலை வைத்தார்.
எடுக்க வெகுநேரமானது.
ஒன்றும் சொல்லவில்லை.

ஒன்றரைக்குப் பள்ளிக் காவலர் சாவியைக் குலுக்கினார்.
கருத்துப் படிவத்தில் கேள்வி:
இன்று என்ன கற்றுக்கொண்டீர்கள்?
தூரிகை இன்னும் கொஞ்சம் முரடாக இருக்கலாம், என்று எழுதினேன்.
தாளை எனக்கே விட்டுத்தந்தார் அல்வின்,
வெடிப்பை வைத்து என்ன செய்வது என்று.

புறூக்கிலிருந்து ஆராவ் வரை
மடியில் அந்தச் சுருள்.
பெருவிரலை அந்த இடத்திலிருந்து எடுக்கவேயில்லை.
தடவினால் தேய்ந்துபோகும் என்று
காலையிலேயே சொல்லியிருந்தார்கள்.